கருவிக்கு உரியவர் யார்?



எனக்குப் பத்து வயது நடந்தபோது எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. கரிய நிறம், கல்லைப் போன்ற கனம். எண்கள் பொறித்த வட்டத் தகட்டை விரலால் சுழற்றிவிட்டால், அது கரகரவென்று ஒலித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பி வரும். எங்கள் தெருவில் அஃது ஒன்றுதான் தொலைபேசி. ஒரு நாள் பிற்பகலில், வீட்டார் கண்ணயர்ந்திருந்த வேளை பார்த்து, பேசுவாயின் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே துளைகளுடன் கூடிய ஒரு வில்லை தெரிந்தது. அதனைக் கையில் எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்துவிட்டார். அவர் அடிக்கவில்லை. "அதை வை. அது நம்ம சாமான் இல்லையடா, சர்க்கார் சாமான். வாடகைக்குத்தான் நம்மிடம் இருக்கிறது" என்றார்.

எனக்கு அது வியப்பாக இருந்தது. நாற்காலி நம்முடையது, சுவர்க் கடிகாரம் நம்முடையது, கூடத்தின் நடுவில், கைவேலை செய்த துணியைப் போர்த்தி வைத்திருந்த தொலைபேசி மட்டும் நம்முடையது அன்று!

இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி வாடகைப் பொருள் அன்று. நாம் பணம் கொடுத்து, ரசீது பெற்று வாங்கி வந்த பொருள். அப்படியிருந்தும், கருவியைச் செய்தவர் அதனுள் அமைத்த ஒரு வசதியை, இணைப்புத் தரும் கம்பெனி பூட்டி வைத்துவிட்டு, இதனை நீ பயன்படுத்தலாகாது, பயன்படுத்த வேண்டுமாயின் தனியே பணம் கட்டு என்று சொல்லக்கூடுமா? சொல்லியிருக்கிறது, ஒரு முறையன்று, பல முறை. இவ்வழக்கு மிகத் தெளிவாக நடந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. நம் நாட்டில் நெடுங்காலம் தொலைபேசி அரசின் துறையாக இருந்தது. அங்கேயோ அது தொடக்க முதலே தனியார் தொழில். ஆதலின் வாடிக்கையாளருக்கும் கம்பெனிக்கும் எழுந்த பிணக்குகள் ஆணையத்தின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் வந்து, இருதரப்பு வாதங்களோடு எழுத்தில் பதிவாயின. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குரிய காப்புரிமையைப் பெற்றது 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள். மறு ஆண்டே அவர் பெயரால் ஒரு கம்பெனி எழுந்தது. பெல் நல்ல ஆசிரியர், வணிகர் அல்லர். கம்பெனியைக் கட்டி எழுப்பியவர் அவருடைய மாமனாரும் வழக்கறிஞருமான கார்டினர் ஹப்பர்டு. கருவியை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்ற கேள்வி வந்தபோது அவர் வாடகையையே தேர்ந்துகொண்டார். விற்றால் வருவாய் ஒரு முறை. வாடகைக்கு விட்டால் ஆண்டுதோறும் வருவாய். அன்று கையில் பணமில்லாத ஒரு சிறு கம்பெனி செய்த அந்த ஏற்பாட்டின் நிழல், பிறகு நூறாண்டு வரையில் நீண்டுவிட்டது.

பெல் கம்பெனி வளர்ந்து, அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பெனி என்னும் பெருநிறுவனமாயிற்று. நீண்ட தொலைவுக் கம்பிகள் அதனுடையவை. பெரும்பாலான ஊர்களின் இணைப்பகங்கள் அதனுடையவை. கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையும் அதனுடையதே. அதன் கட்டண விதிகளுக்குள் ஒரு விதி இருந்தது. கம்பெனி வழங்காத எந்தப் பொருளையும், எந்த வகையிலும், கம்பெனியின் கருவியோடோ கம்பியோடோ இணைத்தலாகாது என்பதே அவ்விதி. அப்படிப்பட்ட பொருள்களுக்கு 'அயல் இணைப்புகள்' என்று பெயர் வைத்தார்கள். தொலைபேசிக் கையேட்டுக்கு வேறொருவர் செய்த பிளாஸ்டிக் உறையைப் போடுவதைக்கூட இவ்வகை விதிகளைக் காட்டித் தடுக்க முயன்றார்கள் என்றால், அவ்விதியை எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

கம்பெனியின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தொலைபேசி என்பது தனித்தனிக் கருவிகளின் கூட்டம் அன்று. நாடு முழுவதும் பரந்து கிடக்கும் ஒரே இயந்திரம். ஒருவர் தம் வீட்டில் தரங்கெட்ட ஒரு கருவியை மாட்டி, அதன் வழியே மிகையான மின்சாரம் கம்பியில் பாய்ந்தால், கம்பத்தின் மேல் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கே கேடு வரலாம். பக்கத்து வீட்டார் பேச்சும் கெடலாம். ஆதலால் முழுப் பொறுப்பும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்றார்கள். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டு கழிந்து, கம்பியே இல்லாத காலத்திலும் இதே வாதம் வேறு உடை அணிந்துகொண்டு வரப்போகிறது.

விதியை முதலில் அசைத்தது ஒரு சின்னஞ்சிறு கிண்ணம். பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்யும் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் பேசினால் மற்றவர் காதில் விழும். மற்றவர் இரைச்சல் தொலைபேசியில் விழும். இதற்கு மாற்றாக, பேசுவாயின் மேல் மாட்டிக்கொள்ளும் குவளை போன்ற ஓர் உறையை ஒரு சிறு கம்பெனி விற்று வந்தது. ஹஷ்-ஏ-போன் என்பது அதன் பெயர். அதில் மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, திருகாணிகூட இல்லை. வாயை அதனுள் வைத்துப் பேசினால் பேச்சு வெளியே கேளாது, அவ்வளவுதான். ஒலியியல் அறிஞரான லியோ பெரானெக் அதன் அமைப்பைத் திருத்திக் கொடுத்தார். பெருங்கம்பெனி இதனையும் அயல் இணைப்பு என்று அறிவித்தது. பயன்படுத்துவோருக்கும் விற்போருக்கும் எச்சரிக்கைகள் போயின.

சிறு கம்பெனி 1948ஆம் ஆண்டு இறுதியில், கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டது. 1934இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த ஆணையமே தொலைபேசிக் கட்டணங்களையும் விதிகளையும் மேற்பார்வை செய்வது. விசாரணை நடந்தது, நிபுணர்கள் வந்தார்கள், குவளைக்குள் பேசிய பேச்சும் குவளையின்றிப் பேசிய பேச்சும் ஒப்பிடப்பட்டன. ஏழாண்டு சென்றபின், 1955இல், ஆணையம் பெருங்கம்பெனியின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. குவளைக்குள் பேசுவதால் மறுமுனையில் கேட்பவருக்கு ஒலி சிறிது தாழ்ந்தும் தெளிவு குறைந்தும் கேட்கிறது. ஆகவே இது பொதுநலத்துக்குக் கேடு என்பது ஆணையத்தின் முடிவு.

சிறு கம்பெனி மேல்முறையீடு செய்தது. வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956 நவம்பரில் அந்த முடிவைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் பேசலான். அவர் எடுத்துக் காட்டிய செய்தி மிக எளியது. ஒருவர் தம் உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்துப் பேசினால் இதே பயன் கிடைக்கிறது. அதனை எந்த விதியும் தடுக்கவில்லை. கையால் செய்யலாம், ஆனால் கையை எழுதுவதற்கு விட்டுவைக்கும் ஒரு பொருளால் அதனைச் செய்யலாகாது என்பது நியாயமும் அன்று, அறிவுக்குப் பொருந்துவதும் அன்று என்றார். தனக்கு நன்மை தருவதும் பொதுமக்களுக்குத் தீங்கு தராததுமான முறையில் தொலைபேசியைப் பயன்படுத்திக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

கம்பெனி இத்தீர்ப்புக்கு அடங்கி நடந்ததா? எழுத்தளவில் நடந்தது. மின்சாரத் தொடர்பில்லாத குவளை போன்றவற்றை அனுமதித்து விதியைத் திருத்திற்று. மற்றத் தடைகளையெல்லாம் பழையபடியே வைத்துக்கொண்டது. ஒரு வழக்கில் தோற்றவர் அந்த வழக்கை மட்டுமே தோற்றதாகக் கொள்வது வழக்கறிஞர் உலகில் புதியதன்று.

அடுத்து வந்தவர் டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் நகரைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர். எண்ணெய்க் கிணறுகளும் மாட்டுப் பண்ணைகளும் பரந்து கிடக்கும் நிலம் அது. வயலில் வேலை செய்வோரிடம் இருவழிப் பேச்சு வானொலிக் கருவி உண்டு. அதன் வழியே அலுவலகத்தோடு பேசலாம். ஆனால் ஊரில் உள்ள தொலைபேசியோடு பேச இயலாது. கார்ட்டர் ஒரு தொட்டில் செய்தார். அலுவலகத்தில் இருப்பவர் தொலைபேசிக் கைப்பிடியை அத்தொட்டிலில் கிடத்திவிட்டால், தொலைபேசியின் ஒலி வானொலிக்குள்ளும், வானொலியின் ஒலி தொலைபேசிக்குள்ளும் போகும். தொலைபேசியில் உள்ளவர் வாய் திறந்ததும் வானொலி தானே அனுப்பத் தொடங்கும். அவர் நிறுத்தினால் தானே கேட்கத் தொடங்கும். கம்பி எதுவும் கம்பெனியின் கம்பியைத் தொடவில்லை. ஒலி மட்டுமே தாண்டிப் போயிற்று. 1959 முதல் 1966 வரையில் ஏறக்குறைய 3,500 கருவிகள் விற்பனையாயின.

கம்பெனி தன் பழைய விதியை எடுத்துக் காட்டிற்று. கார்ட்டர் வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்திலிருந்து ஆணையத்துக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தில் பட்ட அடி ஆணையத்துக்கு நினைவிருந்தது போலும். 1968 ஜூன் 26ஆம் நாள் வெளிவந்த முடிவு, அவ்விதி தொடக்கத்திலிருந்தே சட்டத்துக்கு மாறானது என்று கூறிற்று. கேடு விளைக்கும் கருவிகளைக் கம்பெனி தடுக்கலாம். கேடு வராதபடி நியாயமான அளவைகளை வகுக்கலாம். ஆனால் கேடு விளைப்பதையும் விளைக்காததையும் ஒரே கயிற்றில் கட்டித் தடுத்தலாகாது என்றது.

இம்முடிவின் சிறப்பு எங்கே இருக்கிறது என்று நான் நெடுநாள் எண்ணியதுண்டு. முன்பு, தன் கருவியால் தீங்கில்லை என்று வாடிக்கையாளர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இனி, தீங்கு உண்டு என்று தடுப்பவர் காட்டவேண்டும். சுமை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறிற்று. அதன்பின் அஞ்சல் குரலைப் பதிவு செய்யும் கருவிகளும், படம் அனுப்பும் கருவிகளும், கணிப்பொறிகளைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடங்களும் வீடுகளுக்குள் வந்தன. உடனே வந்துவிடவில்லை. கம்பெனி தன் காப்புப் பெட்டியை இடையில் வைத்தால்தான் இணைக்கலாம் என்று இன்னும் சில ஆண்டுகள் பிடிவாதம் செய்தது. 1975இல் ஆணையம் ஒரு பதிவு முறையைக் கொணர்ந்து, தேர்வில் தேறிய கருவியை எவரும் செருகிக்கொள்ளலாம் என்று விதித்த பிறகே வழி முற்றிலும் திறந்தது. 1984ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அப்பெருங்கம்பெனியே பல கூறுகளாகப் பிரிந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனெனில் அதற்குள் தொலைபேசி கம்பியை விட்டு இறங்கிவிட்டது.

மோட்டோரோலாக் கம்பெனியின் பொறியியலாளர் மார்ட்டின் கூப்பர், 1973 ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்றுகொண்டு கையில் ஏந்திய தொலைபேசியில் பேசினார். பத்தாண்டு கழித்து, 1983 அக்டோபரில், சிகாகோ நகரில் கைப்பேசிச் சேவை வணிக முறையில் தொடங்கிற்று. முதலில் விற்பனைக்கு வந்த கைக்கருவியின் விலை 3,995 டாலர். அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள்? ஆகவே சேவைக் கம்பெனிகள் ஒரு வழி கண்டன. கருவியின் விலையில் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டு, குறைந்த விலைக்குக் கொடுத்து, இத்தனை ஆண்டு எங்களிடமே இருக்கவேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கின. கருவியையும் சேவையையும் இவ்வாறு சேர்த்து விற்பதை ஆணையம் 1992இல் அனுமதித்தது. விலை குறைந்து கருவி பலர் கைக்கு வந்தது என்பது மெய்யே. ஆனால் ஹப்பர்டின் வாடகை முறை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது என்பதும் மெய்யே.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பித் தொலைபேசியில், சுவரில் உள்ள பொருத்துவாயில் எந்தக் கருவியைச் செருகினாலும் இயங்கும். அமெரிக்கக் கைப்பேசி வலைகளுள் சிலவற்றிலோ, நம் நாட்டில் நாம் பழகிய சிம் அட்டை முறை அக்காலத்தில் இல்லை. கருவியின் வரிசை எண்ணைக் கம்பெனி தன் பட்டியலில் ஏற்றினால்தான் அது பேசும். ஏற்றாவிட்டால் அது வெறும் பெட்டி. எனவே கருவி செய்பவருக்கு உண்மையான வாடிக்கையாளர் நீங்களும் நானும் அல்லோம்; இலட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும் சேவைக் கம்பெனியே. எந்த வசதி இருக்கலாம், எது இருத்தலாகாது என்று அக்கம்பெனி சொன்னபடி கருவிகள் செய்யப்பட்டன. இந்த ஒரு நிலையை உணர்ந்துகொண்டால் பின்னால் நடந்தவை யாவும் விளங்கும்.

2004ஆம் ஆண்டு வெரைசான் வயர்லெஸ் கம்பெனி, மோட்டோரோலா வி710 என்ற கைப்பேசியை வெளியிட்டது. அதில் ஒளிப்படக் கருவி இருந்தது. புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி இணைப்பும் இருந்தது. (பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட அரசன் ஒருவனுடைய பட்டப் பெயர்தான் புளூடூத் என்பது, நீலப் பல்லன் என்று பொருள்.) அவ்விணைப்பைக் கொண்டு, எடுத்த படத்தைக் கம்பியின்றியே தம் கணிப்பொறிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்கியவர்கள் எதிர்பார்த்தார்கள். செய்து பார்த்தபோது அது நடைபெறவில்லை. காதில் மாட்டும் பேசுகருவியோடு புளூடூத் இணைந்தது. படத்தை மட்டும் அனுப்ப மறுத்தது. கருவியில் பழுது இல்லை. படம் அனுப்பும் பகுதியைக் கம்பெனி அடைத்து வைத்திருந்தது. படத்தை வெளியே கொண்டுபோகக் கம்பெனி காட்டிய வழி, அதன் சொந்த வலை வழியே படச் செய்தியாக அனுப்புவது. அதற்குக் கட்டணம் உண்டு.

நம் நாட்டுக் கதை ஒன்று உங்களுக்கு நினைவு வரும். ஒருவன் கிணற்றை விற்றுவிட்டு, மறுநாள் வாங்கியவன் தண்ணீர் இறைக்கப் போனபோது, கிணற்றைத்தானே விற்றேன், தண்ணீரை விற்கவில்லையே என்றானாம். வழக்கு நியாயாதிபதியிடம் போயிற்று. அப்படியானால் அவன் கிணற்றில் உன் தண்ணீரை வைத்திருப்பதற்கு வாடகை கொடு, இல்லாவிட்டால் இன்றே இறைத்துக்கொண்டு போ என்று தீர்ப்பு வந்ததாம். வி710 வாங்கியவர்களுக்கு அப்படிப்பட்ட நியாயாதிபதி கிடைக்கவில்லை. 2005இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தார்கள். அது சமரசத்தில் முடிந்து, கணக்கில் 25 டாலர் வரவு வைப்பது முதலிய ஈடுகள் கிடைத்தன. ஆனால் கூர்ந்து பாருங்கள். வழக்கு எதைப் பற்றியது? வசதி இருப்பதாக விளம்பரம் செய்துவிட்டு அடைத்தது ஏமாற்று என்பதைப் பற்றியது; அடைக்கும் உரிமையே கம்பெனிக்கு உண்டா என்பதைப் பற்றியதன்று. இந்த வசதி இல்லை என்று பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிட்டால் கம்பெனிக்குத் தொல்லை தீர்ந்தது. கார்ட்டர் வென்ற கேள்வியை இந்தப் புதிய வழக்கு தொடவே இல்லை.

தொட்டவர் ஒரு பேராசிரியர். கொலம்பியாப் பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர் டிம் வூ, 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில், கம்பித் தொலைபேசிக்கு 1968இல் கிடைத்த உரிமை கம்பியில்லாத் தொலைபேசிக்கு ஏன் இல்லை என்று கேட்டார். கைப்பேசிகளில் கம்பெனிகள் முடக்கி வைத்த வசதிகளை அக்கட்டுரையில் எடுத்துக் காட்டினார். காலமும் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. அந்நாட்டில் தொலைக்காட்சி எண்முறைக்கு மாறவிருந்தமையால், பழைய தொலைக்காட்சி நிலையங்கள் விட்டுச் செல்லும் 700 மெகாஹெர்ட்சு அலைவரிசைகள் ஏலத்துக்கு வரவிருந்தன. அலைவரிசை மக்கள் சொத்து. அதனை ஏலம் விடும்போது நிபந்தனை விதிக்கலாம் அல்லவா? கூகுள் கம்பெனி, நிபந்தனைகள் விதித்தால் ஏலத்தில் குறைந்தது 4.6 பில்லியன் டாலர் கேட்க அணியமாக இருப்பதாக அறிவித்தது.

2007 ஜூலை 31ஆம் நாள் ஆணையம் விதியை நிறைவேற்றிற்று. 'சி' பிரிவு என்னும் அலைவரிசைப் பகுதியை எடுப்பவர், தாம் வழங்கும் கைப்பேசியில் உள்ள வசதிகளை முடக்கலாகாது. வேறு கம்பெனியின் வலையில் இயங்காதபடி பூட்டலாகாது. வாடிக்கையாளர் தாம் விரும்பும் கருவியையும் மென்பொருளையும் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது. வலையைக் காப்பதற்கு நியாயமாக வேண்டிய அளவைகள் மட்டும் இதற்கு விலக்கு. 1968ஆம் ஆண்டு முடிவின் சாயலை இதில் நீங்கள் காணலாம். வெரைசான் கம்பெனி இவ்விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றது; சில வாரங்களில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2008 சனவரி முதல் மார்ச்சு வரை ஏலம் நடந்தது. சி பிரிவின் பெரும்பகுதியை ஏறத்தாழ 4.7 பில்லியன் டாலருக்கு எடுத்தவர் யார் தெரியுமா? அதே வெரைசான் கம்பெனி.

விதி எழுதிவிட்டால் போதுமா? கைப்பேசியின் இணைய இணைப்பைக் கணிப்பொறிக்கும் பகிர்ந்து கொடுக்கும் வசதி கருவியிலேயே இருந்தது. அதற்குக் கம்பெனி தனியே மாதம் 20 டாலர் வரை வாங்கி வந்தது. கட்டணமின்றி இதனைச் செய்துதரும் மென்பொருள்களைத் தன் வாடிக்கையாளர் பெறாதபடி தடுக்குமாறு, மென்பொருள் கடை நடத்துவோரை வெரைசான் கேட்டுக்கொண்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆணையம் விசாரித்தது. 2012 ஜூலை 31இல் கம்பெனி 12.5 இலட்சம் டாலர் செலுத்தி இசைவு செய்துகொண்டது. விதி பிறந்த நாளிலிருந்து சரியாக ஐந்தாண்டு!

ஆனால் இவ்விதி அந்த ஒரு பிரிவு அலைவரிசைக்கு மட்டுமே உரியது. அதற்கு வெளியே பழைய வழக்கமே நடந்தது. பிளவுண்ட பெருங்கம்பெனியின் பழம்பெயரைத் தாங்கி நின்ற ஏ.டி. அண்டு டி. கம்பெனி, ஐபோன் என்னும் கருவிக்கு முதல் சில ஆண்டுகள் அந்நாட்டில் தனியுரிமை பெற்றிருந்தது. இணைப்பைப் பகிரும் வசதி ஐபோனுக்கு 2009இல் வந்தது. அக்கம்பெனியின் வாடிக்கையாளருக்கு 2010இல்தான், அதுவும் தனிக் கட்டணத்தோடு, திறந்தது. 2012இல் முகம் பார்த்துப் பேசும் பேஸ்டைம் வசதி கைப்பேசி வலையிலும் இயங்கும் என்று ஆப்பிள் அறிவித்தபோது, குறிப்பிட்ட ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்க்கே அது திறக்கும் என்றது அதே கம்பெனி. எதிர்ப்பு வலுத்தபின் படிப்படியாகத் தளர்த்திற்று. கருவியின் பூட்டைத் திறந்து வேறு வலையில் பயன்படுத்துவதும் 2013 சனவரி முதல், புதிதாக வாங்கிய கைப்பேசிகளைப் பொறுத்தவரை, காப்புரிமைச் சட்டப்படி குற்றமாயிற்று. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர் கையொப்பமிட்டு வெள்ளை மாளிகைக்கு முறையிட்டனர். 2014 ஆகஸ்டு முதல் நாள் அதனை மீண்டும் அனுமதிக்கும் சட்டம் கையெழுத்தாயிற்று.

கம்பெனிகள் இதற்கெல்லாம் சொன்ன காரணம், வலை தாங்காது என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வானலை கம்பியைப் போல நீட்டிக்கொண்டே போகக்கூடியதன்று; ஒரு கோபுரத்தின் கீழ் உள்ளோர் அனைவரும் அதனைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். ஆனால் நான் கேட்பது இது. வண்டிக்காரன் மூட்டையின் எடைக்கு ஏற்பக் கூலி கேட்பது நியாயம். மூட்டையைப் பிரித்து, உள்ளே இருப்பது நெல்லா எள்ளா என்று பார்த்து, எள்ளாயின் ஏற்றமாட்டேன் என்பது எப்படி நியாயமாகும்? வி710இல் அடைபட்ட புளூடூத்தோ கம்பெனியின் வலையைத் தொடவே இல்லை. கருவிக்கும் மேசைமேல் இருந்த கணிப்பொறிக்கும் இடையே நடந்த செய்தி அது. அங்கே வலைக்கு என்ன பாரம்?

வலையைச் சிறிதும் தொடாத இன்னொரு வசதியையும் சொல்லி முடிக்கிறேன். இந்த நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு அதனைச் சொல்லாமல் போவது முறையன்று. கைப்பேசிகள் பலவற்றின் சில்லுக்குள் பண்பலை வானொலி ஏற்பியும் சேர்ந்தே வருவதுண்டு. காதுக்கருவியின் கம்பியே அதற்கு ஏரியல். அலைவானில் வரும் நிகழ்ச்சியை அது நேரே வாங்கிக்கொள்ளும். கம்பெனிக்கு ஒரு காசு வராது. அமெரிக்காவில் விற்ற கைப்பேசிகள் பலவற்றில் இந்த ஏற்பி உள்ளே இருந்தும் உறங்கிக் கிடந்தது. 2013இல் ஸ்பிரிண்ட் கம்பெனி தன் கருவிகளில் அதனைத் திறந்துவிட இசைந்தது. அதற்காக வானொலித் தொழிலார் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். வேறிரு கம்பெனிகள் 2015இல் இசைவு தெரிவித்தன.

2017 செப்டம்பரில் மரியா என்னும் பெரும்புயல் போர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கிற்று. கைப்பேசிக் கோபுரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேலை செய்யவில்லை. பையில் இருந்த கைப்பேசிகள் ஊமையாயின. தீவில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது வாப்பா என்ற வானொலி நிலையம். உறவினரைத் தேடியவர்கள் நேரே நிலையத்துக்கே நடந்து வந்து செய்தி சொன்னார்கள். அம்மாத இறுதியில் ஆணையத்தின் தலைவர் அஜித் பாய், ஐபோன்களில் உள்ள ஏற்பியைத் திறந்துவிடுமாறு ஆப்பிள் கம்பெனியை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். தன் புதிய கருவிகளான ஐபோன் 7இலும் 8இலும் ஏற்பியும் இல்லை, அதற்குரிய ஏரியலும் இல்லை, ஆகவே திறப்பதற்கு ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. நம் நாட்டிலும் 2023இல் நடுவண் அரசின் மின்னணுவியல் அமைச்சகம், புயல் வெள்ளக் காலங்களை எடுத்துக் காட்டி, கைப்பேசிகளில் உள்ள வானொலியை முடக்காமல் வைக்குமாறு கருவி செய்வோருக்கு அறிவுறுத்திற்று.

என் கைப்பேசி பழையது; காதுக்கருவியைச் செருகினால் வானொலி பாடும். கல்லூரியில் படிக்கும் என் பேரனுடைய கைப்பேசி புதியது. விலையும் மூன்று மடங்கு. அதில் வானொலியும் இல்லை, கம்பியைச் செருகும் துளையும் இல்லை. இவ்வுரையைக் கேட்பாயா என்று நேற்று அவனைக் கேட்டேன். சமையலறையில் பாட்டி வைத்திருக்கும் டிரான்சிஸ்டரில் கேட்கிறேன், தாத்தா என்றான்.